கால்பேக் மூலம் தரவை அப்லோட் செய்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீங்கள் எழுதிக் கொடுத்துவைக்க, லைப்ரரி தனக்கு வேண்டும்போது கூப்பிடும் ஃபங்ஷன்தான் கால்பேக். இங்கே வரும் விளக்கங்கள் எல்லாம் லிப்கர்லை வைத்து எழுதியவை. டேனியல் ஸ்டென்பெர்க் 1998-ல் கர்ல் என்ற பெயரில் வெளியிட்ட கருவியின் உள்வேலைகள், 2000-ல் தனி சி லைப்ரரியாகப் பிரிந்து வெளிவந்தன. இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் அதுதான் லிப்கர்ல். பைத்தான், பிஎச்பி போன்ற மொழிகளில் இருக்கும் கர்ல் இணைப்புகளும் உள்ளே இதையே கூப்பிடுகின்றன என்பதால், சி எழுதாதவர்களுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும்.

லிப்கர்லின் ஆப்ஷன்கள் எல்லாமே கர்ல்ஆப்ட் என்றுதான் தொடங்கும். ஒவ்வொரு முறையும் அதை எழுதினால் படிப்பவருக்கு அலுத்துவிடும். பின்பாதியை மட்டும் எழுதியிருக்கிறேன்.

தரவை அனுப்பு என்று ஒரு ஃபங்ஷனை நானே கூப்பிட்டால் போதாதா? கால்பேக் எதற்கு?

சின்னத் தரவு, ஏற்கெனவே மெமரியில் முழுதாக இருக்கிறது என்றால் கால்பேக் வேண்டாம். போஸ்ட்ஃபீல்ட்ஸ் ஆப்ஷனில் கொடுத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். சில கேபி ஜேசானை அனுப்புவதற்கு கால்பேக் எழுதுவது வீண் வேலை.

தரவு பெரிதாக இருக்கும்போதும், அது இனிமேல்தான் உருவாகப்போகிறது என்னும்போதும்தான் கால்பேக் தேவைப்படுகிறது. 4 ஜிபி கோப்பை மெமரியில் ஏற்றிவிட்டு அனுப்ப முடியாது. டேட்டாபேஸிலிருந்து வரிவரியாக எடுத்துச் சுருக்கி அனுப்பும்போது மொத்தம் எவ்வளவு என்பதே கடைசியில்தான் தெரியும். அதோடு, சாக்கெட் எப்போது அடுத்த துண்டை வாங்கத் தயாராகும் என்பது உங்களுக்குத் தெரியாது, லைப்ரரிக்குத்தான் தெரியும். அதனால் கட்டுப்பாடு அதன் கையில் இருக்கிறது. அது கேட்கும்போது நீங்கள் கொடுக்கிறீர்கள்.

கால்பேக்குக்கு என்னென்ன வரும்? நான் எதைத் திருப்ப வேண்டும்?

கால்பேக்கை ரீட்ஃபங்ஷன் என்ற ஆப்ஷனில் கொடுக்கிறீர்கள். அதற்கு நான்கு வரும்: ஒரு பஃபர் (தரவை வைக்கும் மெமரி இடம்), சைஸ், என்ஐட்டம்ஸ், யூசர்டேட்டா (இதைப் பற்றிக் கீழே). சைஸையும் என்ஐட்டம்ஸையும் பெருக்கினால் பஃபரில் எத்தனை பைட் இடம் இருக்கிறது என்பது கிடைக்கும். அந்த இடத்துக்குள் தரவை நகலெடுத்துவிட்டு, எத்தனை பைட் வைத்தீர்கள் என்ற எண்ணைத் திருப்ப வேண்டும். மெமரியில் இருக்கும் தரவுக்கு முழு வேலையும் இவ்வளவுதான்:

இடம் = சைஸ் × என்ஐட்டம்ஸ்
மிச்சம் = மொத்தம் − அனுப்பியது
அளவு = இடம், மிச்சம் இரண்டில் சிறியது
தரவில் 'அனுப்பியது' என்ற இடத்திலிருந்து 'அளவு' பைட்டுகளை பஃபருக்கு நகலெடு
அனுப்பியது = அனுப்பியது + அளவு
'அளவு' எண்ணைத் திருப்பு

எல்லாம் அனுப்பி முடிந்ததும் 'அளவு' தானாகவே 0 ஆகிவிடும். முடிவைச் சொல்லத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

பஃபரை முழுக்க நிரப்ப வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. கையில் 10 பைட்தான் இருக்கிறது என்றால் 10 வைத்து 10 திருப்பலாம். இடத்தைவிட அதிகமாகத் திருப்பினால் 26 என்ற பிழையோடு எல்லாம் நின்றுவிடும். ஆனால் எண்ணை மட்டும் தப்பாகச் சொல்லாமல் உண்மையிலேயே அவ்வளவு பைட்டை எழுதிவிட்டீர்கள் என்றால், அந்தப் பிழை வருவதற்குள் அக்கம்பக்கத்து மெமரி கெட்டுப்போயிருக்கும்.

0 திருப்பினால் சரியாக என்ன நடக்கும்?

லைப்ரரியோடு கால்பேக் பேச ஒரே வழி அது திருப்பும் எண்தான். அந்த எண்களில் 0-வுக்கு ஒரே பொருள்தான் உண்டு: தரவு முடிந்தது. "இப்போதைக்கு இல்லை", "படிக்க முடியவில்லை", "கொஞ்சம் பொறு" என்பதற்கெல்லாம் 0 பயன்படாது. அப்லோட் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

மோசமான வடிவம் இப்படி வரும். கால்பேக் வட்டிலிருந்து எஃப்ரீட் (கோப்பைப் படிக்கும் சி ஃபங்ஷன்) மூலம் படித்து, கிடைத்த எண்ணை அப்படியே திருப்புகிறது. நடுவில் படிப்பதில் பிழை. அப்போதும் எஃப்ரீட் 0-தான் தரும், ஏனென்றால் கோப்பு முடிந்ததையும் பிழையையும் அது ஒரே எண்ணால்தான் சொல்கிறது. லைப்ரரி அதை முடிவு என்று எடுத்துக்கொள்கிறது. மொத்த அளவை முன்கூட்டி அறிவிக்கவில்லை என்றால் சர்வரும் அப்படியே நம்பும். பாதிக் கோப்பு முழுக் கோப்பாகச் சேமிக்கப்படும், 200 (வெற்றி) என்ற பதில் வரும், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வராது.

எனவே எஃப்ரீட் குறைவாகத் தந்தால் உடனே எஃப்எரர் மூலம் சோதியுங்கள். பிழை என்றால் 0 திருப்பாமல் ரீட்ஃபங்க்_அபார்ட் என்ற மாறிலியைத் திருப்புங்கள். அப்லோட் அங்கேயே நின்று, 42 என்ற பிழை எண் உங்கள் கைக்கு வரும். சத்தம் போட்டு விழுவது இங்கே நல்லது.

எஃப்ரீட் பற்றி இன்னொன்று. அது திருப்புவது எத்தனை உறுப்புகள் என்பதை, எத்தனை பைட்டுகள் என்பதை அல்ல. உறுப்பின் அளவை 1 என்று கொடுத்து, எண்ணிக்கையாக இடத்தைக் கொடுத்தால் இரண்டும் ஒன்றுதான். மாற்றி எழுதினால், அதாவது உறுப்பின் அளவு இடம், எண்ணிக்கை 1 என்று கொடுத்தால், முழுத் துண்டு படித்தாலும் 1 என்றுதான் வரும். கடைசிக் குறைத்துண்டுக்கு 0 வரும், வால் போயே போய்விடும்.

தரவு இன்னும் வரவில்லை, ஆனால் வரும். அப்போது என்ன திருப்புவது?

ரீட்ஃபங்க்_பாஸ். லைப்ரரி உங்களைக் கேட்பதை நிறுத்திவிடும். தரவு வந்ததும் ஈஸி பாஸ் ஃபங்ஷனை 'தொடர்' என்ற கொடியோடு கூப்பிட்டால் மறுபடி கேட்க ஆரம்பிக்கும்.

யார் கூப்பிடுவது என்பதுதான் சிக்கல். அதே ஹேண்டிலை (ஒரு அப்லோடின் அமைப்புகளைத் தாங்கும் லிப்கர்ல் ஆப்ஜெக்ட்) வேறொரு த்ரெட்டிலிருந்து தொடக் கூடாது. அப்லோடைத் தொடங்கி, முடியும் வரை திரும்பாத ஈஸி பெர்ஃபார்ம் ஃபங்ஷனைப் பயன்படுத்தினால் உங்கள் த்ரெட் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். முன்னேற்றத்தைச் சொல்லும் கால்பேக்குக்குள்ளிருந்து தொடரச் சொல்வது அங்கே வழக்கமான வழி. பல அப்லோடுகளை ஒரே த்ரெட்டில் ஓட்டும் மல்டி இடைமுகம் என்றால் லூப் உங்களுடையது என்பதால் இது எளிது. தரவைத் தயாரிப்பது வேறு த்ரெட் என்றால், அது மல்டி வேக்அப் மூலம் லூப்பை எழுப்பிவிட்டாலே போதும். தொடரச் சொல்லும் வேலையை லூப் பார்த்துக்கொள்ளும்.

கால்பேக்குக்குள்ளேயே தூங்கிக் காத்திருப்பது இன்னொரு வழி. ஒரே ஒரு அப்லோட் என்றால் ஓடும். பரிந்துரைக்க மாட்டேன், காரணம் கீழே வருகிறது.

மொத்த அளவை முன்கூட்டியே சொல்ல வேண்டுமா?

தெரியும் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். புட் முறைக்கு இன்ஃபைல்சைஸ்_லார்ஜ், போஸ்ட் முறைக்கு போஸ்ட்ஃபீல்ட்சைஸ்_லார்ஜ். இரண்டுக்கும் கர்ல்_ஆஃப்_டி வகை எண்ணைக் கொடுக்க வேண்டும். 'லார்ஜ்' இல்லாத பழைய வடிவம் லாங் வகையை எடுக்கும். விண்டோஸில் 64 பிட் நிரலிலும் லாங் 32 பிட்தான் என்பதால் 2 ஜிபியைத் தாண்டினால் கணக்கு உடையும்.

அளவை அறிவித்தால் அது ஒரு காவலாகவும் நிற்கிறது. 100 பைட் என்று சொல்லிவிட்டு 60-ல் 0 திருப்பினால், புதிய லிப்கர்ல் பிழை சொல்லி நிறுத்தும். பழையதாக இருந்தால் சர்வர் மீதி 40-க்காகக் காத்திருந்து, பொறுமை போய் இணைப்பை வெட்டும். இரண்டில் எது நடந்தாலும் பாதிக் கோப்பு முழுக் கோப்பாக வேடம் போட முடியாது. மேலே சொன்ன எஃப்ரீட் கோளாறை இது ஒன்றே பிடித்துவிடும்.

அளவு தெரியாது என்றால் எச்டிடிபி 1.1-ல் லைப்ரரி தரவைத் துண்டு துண்டாக, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அதன் நீளத்தை எழுதி அனுப்பும். எச்டிடிபி 2-ல் தரவு எப்படியும் ஃபிரேம்களாகப் போவதால் அந்த ஏற்பாடே தேவையில்லை. ஆனால் எல்லா சர்வரும் நீளம் சொல்லாத அப்லோடை ஏற்பதில்லை. 411 என்ற பதில் வந்தால், நீளத்தைச் சொல் என்று சர்வர் கேட்கிறது என்று பொருள்.

யூசர்டேட்டாவில் எதை வைப்பது?

தரவின் பாயின்டர், மொத்த நீளம், இதுவரை அனுப்பியது, கோப்பு ஹேண்டில் இப்படி இந்த ஒரு அப்லோடுக்கு வேண்டியதையெல்லாம் ஒரு ஸ்ட்ரக்டில் போட்டு, அதன் முகவரியை ரீட்டேட்டா என்ற ஆப்ஷனில் கொடுங்கள். லைப்ரரி அதைத் திறந்துகூடப் பார்க்காது; வாங்கியதை அப்படியே கால்பேக்குக்குக் கடத்தும். குளோபல் மாறியில் வைத்தாலும் ஓடும், இரண்டாவது அப்லோட் சேரும் நாள் வரை.

அந்த ஸ்ட்ரக்ட் அப்லோட் முடியும் வரை உயிரோடு இருக்க வேண்டும். மல்டி இடைமுகத்தில், ஹேண்டிலைச் சேர்த்துவிட்டுத் திரும்பிவிடும் ஒரு ஃபங்ஷனின் உள்ளூர் மாறியாக அதை வைத்தால், கால்பேக் ஓடும் நேரத்தில் அந்த இடத்தில் வேறு ஏதோ இருக்கும். அப்புறம், பைனரி தரவின் நீளத்தை எஸ்டிஆர்லென் வைத்து எடுக்காதீர்கள். முதல் பூஜ்ய பைட்டிலேயே அது நின்றுவிடும்.

சி++ கிளாஸின் உறுப்பு ஃபங்ஷனைக் கால்பேக்காகக் கொடுக்கலாமா?

சாதாரண உறுப்பு ஃபங்ஷனைக் கொடுக்க முடியாது. அதற்கு எந்த ஆப்ஜெக்ட் என்ற மறைமுகத் தகவலும் வேண்டும், சி லைப்ரரிக்கு அது தெரியாது. ஸ்டாட்டிக் ஃபங்ஷன் ஒன்றை எழுதி, யூசர்டேட்டாவில் ஆப்ஜெக்டின் முகவரியைக் கொடுத்து, உள்ளே போய் உண்மையான ஃபங்ஷனைக் கூப்பிடுங்கள்.

லாம்டா பிடிக்கும் என்றால், எதையும் பிடித்துவைக்காத லாம்டாவாக இருக்கட்டும். முன்னால் ஒரு கூட்டல் குறி போட்டு ஃபங்ஷன் பாயின்டராக மாற்றிக் கொடுங்கள். ஈஸி செட்ஆப்ட் எத்தனை வகையை வேண்டுமானாலும் வாங்கும் ஃபங்ஷன் என்பதால், லாம்டாவை அப்படியே கொடுத்தால் கம்பைலர் முணுமுணுக்காமல் விட்டுவிடலாம். கிராஷ் ஓடும்போதுதான் வரும். எக்ஸெப்ஷன் எதுவும் கால்பேக்கைத் தாண்டி வெளியே போகக் கூடாது. நடுவில் இருப்பது சி. உள்ளேயே பிடித்து, ஸ்ட்ரக்டில் குறித்துவைத்து, அபார்ட் திருப்புங்கள்.

விண்டோஸில் மட்டும் கிராஷ் ஆகிறது அல்லது கோப்பு கெட்டுப்போகிறது. ஏன்?

கிராஷ் என்றால்: கால்பேக் எதுவும் வைக்காமல் ரீட்டேட்டாவில் கோப்பு ஹேண்டிலை மட்டும் கொடுத்திருப்பீர்கள். அப்போது லைப்ரரி தன் பக்கத்து எஃப்ரீட்டைப் பயன்படுத்தும். லிப்கர்லை டிஎல்எல்-ஆக இணைத்திருந்தால், நீங்கள் திறந்த ஹேண்டில் அதற்குப் புரியாமல் போகலாம். ரீட்ஃபங்ஷனையும் சேர்த்தே கொடுப்பது எங்கும் பாதுகாப்பு.

கோப்பு கெட்டுப்போகிறது என்றால்: அதை டெக்ஸ்ட் முறையில் திறந்திருப்பீர்கள். 13, 10 என்ற ஜோடி பைட்டுகள் வெறும் 10 ஆகச் சுருங்கும், 26 என்ற பைட் வந்தால் கோப்பு முடிந்தது என்றே சொல்லிவிடும். பைனரி முறையில் திறக்க எஃப்ஓப்பனில் ஆர்பி என்று கொடுங்கள்.

அப்லோட் தொடங்குவதற்கு முன் சரியாக 1 விநாடி சும்மா நிற்கிறதே?

எச்டிடிபி 1.1-ல் பெரிய அப்லோட் என்றால், லைப்ரரி முதலில் தலைப்புகளை (ஹெடர்) மட்டும் அனுப்பி, 'அனுப்பலாமா' என்று சர்வரைக் கேட்கும். 100 என்ற பதில் வந்ததும் தரவைத் தொடங்கும். பதிலே வராவிட்டால் 1000 மில்லி விநாடி பார்த்துவிட்டு அனுப்ப ஆரம்பித்துவிடும். அந்தப் பதிலைத் தரத் தெரியாத சர்வரிடம்தான் இந்தத் தாமதம் வரும்.

எக்ஸ்பெக்ட் என்ற தலைப்பைக் காலியாக வைத்தால் கேள்வி நின்றுவிடும். ஆனால் தாமதம் தொல்லை தராத இடத்தில் அதை விட்டுவையுங்கள். அனுமதி இல்லை என்ற பதிலைப் பல ஜிபி அனுப்பிய பிறகு கேட்பதைவிட முதலிலேயே கேட்பது மேல்.

பாஸ்வேர்ட் சரிதான், ஆனாலும் 65 என்ற பிழை வருகிறது.

அனுப்பிய தரவை முதலிலிருந்து மறுபடி அனுப்ப வேண்டிய நிலை வந்திருக்கிறது, லைப்ரரியால் பின்னால் போக முடியவில்லை. டைஜஸ்ட், என்டிஎல்எம் போன்ற பாஸ்வேர்ட் சரிபார்ப்பு முறைகளில் முதல் கோரிக்கை மறுக்கப்பட்ட பின்தான் உண்மையான கோரிக்கை போகும். 307, 308 திருப்பிவிடல்களிலும் தரவு மறுபடி போக வேண்டும். பழைய இணைப்பை மறுபயன்பாட்டுக்கு எடுத்த நேரத்தில் சர்வர் அதை மூடியிருந்தாலும் இதே கதைதான்.

உங்கள் கால்பேக்கோ ஏற்கெனவே பாதி கொடுத்துவிட்டது. அதைப் பின்னால் நகர்த்த லைப்ரரிக்குத் தெரியாது, நீங்கள்தான் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் சீக்ஃபங்ஷன். யூசர்டேட்டா, எந்த பைட், எங்கிருந்து எண்ணுவது என்ற மூன்றும் வரும். நகர்த்தினால் 0, தோற்றால் 1, நகர்த்தவே முடியாத மூலம் என்றால் 2 திருப்புங்கள். 'அனுப்பியது' போன்ற கணக்குகளையும் அதே இடத்தில் சரிசெய்ய மறந்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், ரீட்ஃபங்ஷன் எழுதும் நாளிலேயே சீக்ஃபங்ஷனையும் எழுதிவிட வேண்டும். சோதனைச் சூழலில் இந்தத் தேவை தலைகாட்டுவதே அபூர்வம்.

எத்தனை சதவீதம் முடிந்தது என்பதைக் கால்பேக்கிலேயே எண்ணிக்கொள்ளலாமா?

எண்ணலாம், ஆனால் எண்ணுவது எத்தனை பைட் லைப்ரரிக்குக் கொடுத்தீர்கள் என்பதை மட்டுமே. சின்னக் கோப்பு கண்ணிமைக்கும் நேரத்தில் 100 சதவீதம் காட்டிவிட்டு அப்படியே நிற்கும். மறுபடி அனுப்ப நேர்ந்தால் 100-ஐத் தாண்டவும் செய்யும். எக்ஸ்ஃபர்இன்ஃபோஃபங்ஷன் இதற்கென்றே இருக்கிறது. நோப்ராக்ரஸ் ஆப்ஷனை 0 ஆக்கினால்தான் அது கூப்பிடப்படும். பூஜ்யம் அல்லாத எண்ணைத் திருப்பினால் அப்லோட் நிற்கும், ரத்து பட்டனை இதில் கட்டலாம். அதுவும்கூட சாக்கெட்டில் போட்டதைத்தான் சொல்கிறது. சர்வர் வாங்கிக்கொண்டது என்பதற்கு அதன் பதிலைத் தவிர வேறு சான்று கிடையாது.

ஈஸி பெர்ஃபார்ம் வெற்றி என்கிறது. சர்வரில் கோப்பைக் காணோம்!

உரையாடல் ஒழுங்காக நடந்தது என்பதுதான் அந்த வெற்றி. சர்வர் 403 (அனுமதி இல்லை) சொன்னாலும் உரையாடல் நடந்துதானே இருக்கிறது. ரெஸ்பான்ஸ் கோடை எடுத்துப் பாருங்கள், அல்லது ஃபெயில்ஆன்எரர் வையுங்கள்.

கால்பேக்குக்குள் எவ்வளவு வேலை செய்யலாம்?

பெர்ஃபார்மைக் கூப்பிட்ட அதே த்ரெட்டில்தான் கால்பேக் ஓடுகிறது. அது 2 விநாடி எடுத்தால் அந்த 2 விநாடியும் லைப்ரரி எதையும் செய்யாது. மல்டி இடைமுகத்தில் 50 அப்லோட் ஒரே த்ரெட்டில் போய்க்கொண்டிருந்தால், ஒன்றின் மெதுவான கால்பேக் மற்ற 49-ஐயும் நிறுத்திவைக்கும். தூங்கிக் காத்திருக்க வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். கனமான வேலையை வேறு த்ரெட்டில் செய்து வரிசையில் வையுங்கள். கால்பேக் வரிசையிலிருந்து நகலெடுக்கட்டும், வரிசை காலி என்றால் பாஸ் திருப்பட்டும்.

கால்பேக்குக்குள்ளிருந்து அதே ஹேண்டிலில் பெர்ஃபார்மை மறுபடி கூப்பிட முடியாது. புதிய பதிப்புகள் இதற்கென்றே 93 என்ற பிழையை வைத்திருக்கின்றன.

பஃபர் எவ்வளவு பெரிதாக வரும்?

இயல்பாக 64 கேபி. 7.62.0 பதிப்பிலிருந்து அப்லோட்_பஃபர்சைஸ் மூலம் 16 கேபியிலிருந்து 2 எம்பி வரை கேட்கலாம். அதிவேக இணைப்பில் பெரிய பஃபர் உதவும். ஆனால் அது ஒரு வேண்டுகோள்தான். எந்த எண்ணையும் நம்பி நிரல் எழுத வேண்டாம். வரும் சைஸையும் என்ஐட்டம்ஸையும் மட்டும் நம்புங்கள்.

இணையப் படிவத்தில் கோப்பு இணைப்பதுபோல் அனுப்ப வேண்டுமே?

7.56.0-ல் வந்த மைம் ஃபங்ஷன்களைப் பயன்படுத்துங்கள். மைம் டேட்டா சிபி என்பது படிவத்தின் ஒரு பகுதிக்கு மட்டும் கால்பேக் வைக்கிறது. ரீட், சீக் இரண்டோடு, வேலை முடிந்ததும் துப்புரவு செய்ய மூன்றாவதாக ஒன்றும் கொடுக்கலாம். படிவத்தின் எல்லைக்கோடுகளைக் கையால் எழுதுவது தேவையில்லாத தலைவலி.

பைத்தான், பிஎச்பியில் வித்தியாசம் உண்டா?

பஃபரை நீங்கள் நிரப்புவதில்லை, தரவையே திருப்புகிறீர்கள். பைகர்லில் அதிகபட்ச அளவு மட்டும் வரும், பைட்ஸ் திருப்ப வேண்டும். பிஎச்பியில் ஹேண்டில், ஸ்ட்ரீம், அதிகபட்ச நீளம் மூன்றும் வரும், ஸ்ட்ரிங் திருப்ப வேண்டும். காலியாகத் திருப்பினால் முடிவு என்பது இங்கேயும் அப்படியே.

எழுதியாயிற்று. எதை வைத்துச் சோதிப்பது?

0 பைட் கோப்பு, 1 பைட் கோப்பு, 65,535, 65,536, 65,537 பைட் கோப்புகள், நடுவில் பூஜ்ய பைட் உள்ள கோப்பு. அப்புறம் கால்பேக்கை வேண்டுமென்றே கஞ்சத்தனமாக மாற்றி, ஒரு முறைக்கு 1 பைட் மட்டும் தரச் செய்யுங்கள்; வேகம் போகும், முடிவு மாறக் கூடாது. பாதி வழியில் அபார்ட் திருப்பி, உங்கள் நிரல் அதைத் தோல்வி என்று சொல்கிறதா என்று பாருங்கள். டைஜஸ்ட் கேட்கும் சோதனை சர்வர் ஒன்றை எழுப்பி, சீக்ஃபங்ஷன் உண்மையில் கூப்பிடப்படுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். ஒவ்வொன்றிலும் இரு பக்கக் கோப்புகளின் எஸ்எச்ஏ-256 மதிப்பை (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) ஒப்பிடுங்கள். நீளம் ஒன்றாக இருப்பது போதாது. வெர்போஸ் ஆப்ஷனை 1 ஆக வைத்தால் தலைப்புகளும் 100 பதிலும் எந்த வரிசையில் போய் வருகின்றன என்பது திரையிலேயே தெரியும்.